ஒரு டிஸ்க்கின் மரண வாக்குமூலம்

படிக்கட்டுக்குக் கீழே அவர் கிடந்தார்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கால் செருப்பு மூன்றாவது படியிலேயே தங்கிவிட்டது. வலது கை விரல்கள் அகல விரிந்திருந்தன.

ஸ்கேன் சென்டரின் முதலாளி. வயது ஐம்பத்தெட்டு. ஊரில் பாதிப் பேரின் எலும்பையும் ஈரலையும் படம் பிடித்துப் பார்த்தவர். தன் கழுத்துக்கு வரப்போவதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டார்!

நேரம், பிற்பகல் மூன்றே கால்.

ரிசப்ஷன் பெண் போட்ட அலறலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

முதலாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

முதலாளியின் கார் டிரைவர்!

முந்தின நாள்தான், வண்டி லேட் என்று அத்தனை பேர் முன்னாலும் முதலாளி அவரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். "ஒருநாள் இதுக்கெல்லாம் அனுபவிப்பீங்க" என்று டிரைவரும் வாயைக் கொடுத்திருந்தார்.

வாயைக் கொடுத்தவர் மாட்டிக்கொண்டார். போலீஸ் வேறு யாரையும் தேடவே இல்லை.

*

மறுநாள் காலை, பத்தரை மணி.

போன் அலறியது.

"அக்கா... சொல்லுக்கா."

"ராத்திரி பூரா லாக்கப்ல உக்கார வெச்சிருக்காங்கடி! அதே ரத்தச் சட்டையோட! மாத்துச் சட்டை கொண்டு போனா வாங்க மாட்டேங்கறாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோர்ட்டாம். ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம்..."

"அக்கா, அழாதே. அத்தான் ஈ எறும்பைக் கூட மிதிக்க மாட்டார். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சு என்னடி புண்ணியம்? போலீசுக்குத் தெரியலையே!"

போன் வைக்கப்பட்டது.

அவள் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைச் சைக்கிளில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டவர் அத்தான். நாலு வருஷம், ஒரு நாள் தவறாமல். அவர் கொலைகாரர் என்றால் உலகத்தில் எவனும் யோக்கியன் இல்லை.

அவளை ஊரில் 'டிஸ்க் டாக்டர்' என்பார்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் செத்துப்போனால், உள்ளே மாட்டிக்கொண்ட போட்டோ, பத்திரம், பாட்டு எல்லாவற்றையும் உயிரோடு மீட்டுத் தருவது அவள் தொழில். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை. அதில் ஒரு நீள மேஜை, நாலு கம்ப்யூட்டர், பூதக் கண்ணாடி, மூலையில் ஒரு கெட்டில்.

கதவு தட்டப்படவில்லை. திறக்கப்பட்டது!

இன்ஸ்பெக்டர்.

அவருக்கு உட்காரவே தெரியாது போலிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அறையை அளந்தார்.

"நீங்கதானே டிஸ்க் டாக்டர்?"

"அப்படித்தான் சொல்றாங்க சார். ஊசி மட்டும் போட மாட்டேன்."

"பேஷன்ட் கொண்டு வந்திருக்கேன்."

சீல் வைத்த கவர் ஒன்று மேஜையில் விழுந்தது.

"மெதுவா சார்! ஸ்கேன் சென்டர் கேமரா டிஸ்க்தானே இது?"

சாவி சுழல்வது நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க உள்ள வெச்சிருக்கற டிரைவர்... என் அக்கா வீட்டுக்காரர்."

"போச்சுடா!" இன்ஸ்பெக்டர் கவரை எடுக்கக் கை நீட்டினார்.

அவள் கவர் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"சார்... போலீஸ் லேபுக்கு அனுப்பினா எத்தனை நாள்?"

"மூணு வாரம்."

"கோர்ட் எத்தனை மணிக்கு?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"படிக்கட்டுக்கு எதிர்லயே ஒரு கேமரா இருக்கு. அத்தான்தான் தள்ளினார்னா அது இந்த டிஸ்க்குல இருக்கும். தள்ளலைன்னாலும் இருக்கும். நான் தில்லுமுல்லு பண்ணிடுவேன்னு பயமா இருந்தா, பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சுட்டுப் போங்க. விவரம் தெரிஞ்ச ஆளா இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் ஐந்து விநாடி யோசித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"கேமராக்காரரே... உள்ள வாங்க!"

வந்தவர் ஒல்லி. முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், தோளில் ஒரு டூல்ஸ் பை. ஸ்கேன் சென்டரில் கேமரா மாட்டியவர். சர்வீசும் அவர்தான்.

"நேத்து மத்தியானமே இந்த டிஸ்க் அவுட் ஆயிடுச்சுங்க" என்றார் அவர். "அதப் பாக்கத்தான் சென்டருக்குப் போனேன். போன இடத்துல இப்படி ஒரு கொடுமை... நல்ல மனுஷன்ங்க அவர்."

"நீங்க இங்கயே இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தம்மா என்ன பண்றாங்கன்னு கண் கொட்டாமப் பாருங்க. பின்னால கோர்ட்ல நீங்கதான் சாட்சி."

"நானா?" கேமராக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

கதவுக்குப் பக்கத்தில்!

*

அவள் சீலை உடைத்தாள். டிஸ்க்கை எடுத்தாள். வயரை மாட்டி, கரன்ட் கொடுத்தாள்.

டிக்...

டிக்...

டிக்...

"என்ன, பல்லி மாதிரி கத்துது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாஷை தெரியாம முழிக்குது சார்." அவள் கரன்ட்டை நிறுத்தினாள். "இதுக்குள்ள கண்ணாடி மாதிரி வழவழன்னு தட்டு இருக்கு. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தும். அதுக்கு மேல ஒரு சின்னக் கை, நுனியில ஹெட். அந்த ஹெட்தான் படிக்கும், எழுதும். தட்டைத் தொடாம மிதந்துக்கிட்டே படிக்கணும்."

"எவ்வளவு உயரத்துல மிதக்கும்?"

"உங்க தலைமுடி ஒண்ணை எடுத்துக்குங்க..."

"இருக்கறதே கொஞ்சம். அதுல வேற கை வைக்காதீங்க!"

"அந்த முடியோட தடிமன்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு உயரம் சார். ஓடும்போது ஒரு தட்டு தட்டினாலே ஹெட் போய்த் தட்டுல உரசிடும். அப்புறம் அங்க இருந்த எழுத்து போனது போனதுதான். இப்போ இந்த ஹெட் வழி தெரியாம முட்டி முட்டித் திரும்புது. அதான் டிக் டிக்."

"ஹெட்தாங்க போயிருக்கு" என்றார் கேமராக்காரர் அவசரமாக. "இந்த மாடல்ல இது சகஜம். மேல காரியம் பண்ண வேண்டியதுதான்."

"ஹெட்டும் போயிருக்கலாம். அடியில இருக்கற இந்தப் பச்சைப் போர்டும் போயிருக்கலாம்."

"போர்டுன்னா ஈசியாச்சே" என்றார் இன்ஸ்பெக்டர். "இதே மாதிரி இன்னொரு டிஸ்க்குலேர்ந்து போர்டைக் கழட்டி மாட்டிட வேண்டியதுதானே?"

"மாட்டினா ஓடாது சார். கீழ கண்ணாடிக் கடை பாத்தீங்கல்ல? எல்லாம் ஒரே மாதிரி ஃப்ரேம்தான். அதுக்காக அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டா உங்களுக்கு எழுத்து தெரியுமா?"

"பவர் வேறயாச்சே!"

"அதேதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பவர். கம்பெனியில செய்யும்போதே அந்தப் பவரை அளந்து, போர்டுல இருக்கற ஒரு சின்ன சிப்புல எழுதிடுவாங்க. ஒரே மாடல், ஒரே நாள்ல செஞ்சதா இருந்தாலும் பவர் வேற வேறதான். அதனால போர்டு மாத்தினா, பழைய சிப்பை மட்டும் நோகாமக் கழட்டிப் புதுப் போர்டுல ஒட்டணும். அப்பத்தான் தன் தட்டைத் தானே படிக்கும்."

"அந்த ரூல் எனக்கும் தெரியும்ங்க" என்று சிரித்தார் கேமராக்காரர்.

"சரி, ரூல்படி செய்ங்க." இன்ஸ்பெக்டர் பாதி வாசலைத் தாண்டியிருந்தார். "எனக்கு ஸ்டேஷன்ல தலைக்கு மேல வேலை. ஏதாவது தெரிஞ்சா போன் பண்ணுங்க. தெரியலைன்னாலும் பண்ணுங்க!"

ஜீப் கிளம்பும் சத்தம்.

அவள் போனை எடுத்தாள்.

பழைய கம்ப்யூட்டர் சாமான்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்திருக்கும் ஒருவர் உண்டு. ஊர் அவருக்கு வைத்த பெயரே 'மூட்டை'. அவளைப் போன்றவர்களுக்கு அந்தக் குடோன்தான் ரத்த வங்கி.

"மூட்டை அண்ணே, அவசரம். ஒரு மாடல் நம்பர் சொல்றேன்... பழசு. இருக்கா?"

மறுமுனையில் எதையோ தள்ளும் சத்தம், தும்மல், இருமல்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. இந்த மாடலை நீ அடிக்கடி கேப்பியேன்னு தனியா எடுத்து வெச்சேன். ஓடுமான்னு கேக்காதே."

"ஓட வேணாம்ணே. போர்டும் ஹெட்டும் கிடைச்சாப் போதும். இப்பவே பைக்ல குடுத்து விடுங்க!"

*

பதினொன்றே முக்காலுக்கு அது வந்து சேர்ந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு டிஸ்க்.

கேமராக்காரர் அதைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கரன்ட் கொடுத்தாள்.

டிக்... டிக்... டிக்...

"சரியாப் போச்சு" என்றாள் சலிப்புடன். "குருடனுக்கு வழி காட்ட இன்னொரு குருடன்!"

"விட்டுடுங்க மேடம்" என்றார் கேமராக்காரர் இதமாக. "நீங்களும் எவ்வளவுதான் போராடுவீங்க? இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"இதோட போர்டு நல்லா இருக்கலாமே. பாத்துடறேன்."

"சரி... ஆனா சிப்பை மாத்திட்டுப் பாருங்க. ரூல்னா ரூல்தானே?"

அவள் இரண்டு டிஸ்க்கையும் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஐந்து திருகாணி. முதலில் ஸ்கேன் சென்டர் டிஸ்க்கின் போர்டைக் கழற்றினாள். பிறகு மூட்டை அனுப்பியதன் போர்டை.

இனி சிப்பைக் கழற்ற வேண்டும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் பேனாவுக்காகக் கை நீட்டினாள்.

போன் அலறியது!

"அக்கா?"

"அவரைப் பாத்தேன்டி..." அக்காவின் குரல் உடைந்திருந்தது. "கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கறார். என்ன சொன்னார் தெரியுமா? 'நான் போய்த் தூக்கினப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தா காப்பாத்தியிருப்பேன்'னு அழறார். தனக்கு என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேக்கலைடி..."

"அக்கா, நீ வெளிய உக்காரு. தண்ணி குடி. நான்... நான் பாத்துட்டு இருக்கேன்."

போனை வைத்தபோது அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். போர்டை எடுத்தாள், பொருத்தினாள், ஐந்து திருகாணியையும் மளமளவென்று முடுக்கினாள், கரன்ட் கொடுத்தாள்.

ர்ர்ர்ர்ர்...

ஒரே சீரான சத்தம். டிக் இல்லை. முட்டல் இல்லை.

திரையில் டிஸ்க்கின் பெயர் எழுந்து நின்றது!

"ஓடுது!" அவள் கைதட்டியே விட்டாள். "ஓடுதுங்க!"

கேமராக்காரர் எழுந்துவிட்டார். மடியிலிருந்த பை தரையில் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர்கள் உருண்டன.

"எ... எப்படி ஓடுது?" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே மேஜையைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

சால்டரிங் பேனா அதன் ஸ்டாண்டிலேயே இருந்தது. ஜில்லென்று. பிளக் கூடச் சொருகவில்லை!

சிப்பை மாற்ற மறந்துவிட்டாள்! இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவர்கள் கூடச் செய்யாத தப்பு. அக்காவின் அழுகையில் செய்துவிட்டாள்.

ஸ்கேன் சென்டர் போர்டின் சிப், அந்தப் போர்டிலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மூட்டை அனுப்பிய போர்டு, அதன் சொந்தச் சிப்போடு, இந்த டிஸ்க்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஓடக் கூடாது.

ஓடுகிறது!

அடுத்தவர் கண்ணாடியில் எழுத்து இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றால்... அது அடுத்தவர் கண்ணாடியே இல்லை. இவருடைய கண்ணாடிதான்!

கழற்றி வைத்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு டிஸ்க்குமே சாகவில்லை. யாரோ இரண்டின் போர்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டும் டிக் டிக் என்று முழித்தன. அவள் ரூல்படி சிப்பை மாற்றியிருந்தால், தப்பான சிப்பைத்தான் மாற்றியிருப்பாள். டிஸ்க் கடைசிவரை திறந்திருக்காது. 'செத்தது செத்ததுதான்' என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாள்!

ரூல் தெரிந்தவன் செய்த வேலை இது.

"அதிர்ஷ்டம்ங்க!" என்றார் கேமராக்காரர். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "சில சமயம் இப்படி ஓடும்."

"ஆமாங்க" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சில சமயம் ஓடும்."

கீபோர்டில் நாலைந்து தட்டு தட்டினாள். பிறகு போனை எடுத்து, மூட்டைக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

'இந்த டிஸ்க்கை உங்ககிட்ட யார் குடுத்தது?'

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

பதில் வந்தது.

'அந்த ஸ்கேன் சென்டர் கேமராக்காரர்தான். இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குக் கொண்டு வந்தார். இன்னிக்கே மெஷின்ல போட்டு அரைக்க அனுப்பிடுங்கன்னார். லாரி வரலை. ஏன்மா?'

அவள் தலையைத் தூக்கவில்லை.

அவர் மூன்றடி தூரத்தில் இருந்தார். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடலாமா என்று கூடத் தோன்றியது. ஓடினால் டிஸ்க் அவரோடு தனியாக இருக்கும்... அத்தான் அஞ்சு மணிக்கு ஜெயிலுக்குப் போவார்.

கேள்வியையும் பதிலையும் மூட்டையின் நம்பரோடு, 'டிஸ்க்குல போர்டை மாத்தினது இவர்தான்' என்று ஒரு வரியும் சேர்த்து, இன்ஸ்பெக்டருக்குத் தள்ளிவிட்டாள்.

*

அடுத்த விநாடியே போன் அடித்தது.

"என்னம்மா அனுப்பியிருக்கீங்க? நிஜமா? அந்த ஆள் இப்போ எங்கே?"

"இங்கதான் சார், ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்" என்றாள் அவள் சாதாரணமாக. "டிஸ்க் திறந்துடுச்சு."

"உடனே படத்தைப் போடுங்க!"

"முதல்ல காப்பி சார். அப்புறம்தான் மத்தது. என் பழக்கமே அதுதான். காப்பி போட ஆரம்பிச்சுட்டேன்."

"காப்பியா?" இன்ஸ்பெக்டர் ஒரு கணம் திகைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஓ... புரியுது. எவ்வளவு நேரம்?"

"நீங்க அந்த நம்பர் வேலையை முடிச்சுட்டு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகுமில்ல? அதுக்குள்ள ரெடியா இருக்கும். உங்களுக்கும் சேர்த்தே போடறேன்."

"ஜாக்கிரதைம்மா. அவனைக் கிளப்பி விட்டுடாதீங்க!"

"சர்க்கரை கம்மிதானே சார்? சரி சார்."

போனை வைத்தாள். எழுந்து மூலைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் ஊற்றினாள். பாதித் தண்ணீர் மேஜையில் சிந்தியது.

"போலீசுக்குக் காப்பி வேறயா?" கேமராக்காரர் சிரித்தார்.

"ஊத்திக் குடுத்தாத்தான் வேலை நடக்கும். உங்களுக்கு?"

"வேணாங்க. காப்பின்னாலே எனக்கு நெஞ்சு எரியும்." அவர் கண் டிஸ்க்கின் மேலேயே இருந்தது. அதன் விளக்கு மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது. "படம் எப்போ வரும்?"

"லிஸ்ட் படிச்சுட்டிருக்கு. பழைய டிஸ்க், மெதுவாத்தான் படிக்கும்."

"நான் வேணா கொஞ்சம் பாக்கட்டுமா?" நாற்காலி ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

"தொடாதீங்க! ஓடும்போது ஆடினா ஹெட் உரசிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது."

"அப்படியா?" என்றார் அவர். மிகவும் மெதுவாக.

சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. சொல்லியாகிவிட்டது!

நிமிஷங்கள் நகர மறுத்தன. அவர் எழுந்தார், ஜன்னல் வரை போனார், வந்தார். உருண்ட ஸ்க்ரூ டிரைவர்களைப் பொறுக்கினார். ஒன்றை மட்டும் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவள் எதையாவது பேசிக்கொண்டே இருந்தாள். மழை பற்றி, கீழ்க் கடைக்காரரின் நாய் பற்றி, எதைப் பற்றியோ. நாய்க்கு என்ன பெயர் என்று அவர் கேட்டபோது, தான் இவ்வளவு நேரம் நாயைப் பற்றிப் பேசியதே அவளுக்கு நினைவில்லை.

பன்னிரண்டு ஐம்பது.

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"என்ன, காப்பி ரெடியா?" என்றார் அவர் கிண்டலாக.

"ரெடிங்க" என்றாள் அவள். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள். "ஃபுல்லா ரெடி."

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன் உட்கார்ந்தாள்.

"இன்ஸ்பெக்டர் வரட்டுமே..." என்றார் அவர்.

"சும்மா எண்ணிப் பாப்போம். சென்டர்ல எத்தனை கேமரா மாட்டியிருக்கீங்க?"

"எட்டு."

"எண்ணுங்க."

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் விரிந்தன. வாசல். ரிசப்ஷன். பார்க்கிங். படிக்கட்டு... ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

ஒன்பது!

ஒன்பதாவது கட்டத்தில் ஒரு சின்ன அறை. சுவரில் கொக்கிகள். மடித்து வைத்த கவுன்கள். ஒரு ஸ்டூல்.

ஸ்கேனுக்கு முன்னால் பெண்கள் உடை மாற்றும் அறை!

அவள் பட்டென்று அந்தக் கட்டத்தை மூடினாள். போன மாதம் அக்காவை அழைத்துப் போய் அந்த ஸ்டூலில் உட்கார வைத்ததே அவள்தான்.

"சீ!" என்றாள். "மனுஷனாய்யா நீ?"

அவர் பாய்ந்தார்!

அவள் மேல் அல்ல. டிஸ்க் மேல்!

வயரோடு பிடுங்கினார். தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடித்தார். படார்! குனிந்து எடுத்து மறுபடி அடித்தார். படார்! குதிகாலால் மிதித்தார். உள்ளே ஏதோ கழன்று கடகடவென்று உருண்டது.

விளக்கு அணைந்தது.

"கை தவறி விழுந்துடுச்சுங்க!" அவர் மூச்சு வாங்கினார். முழுக்கைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "அவ்வளவுதான். டிரைவரோட கொழுந்தியா, அக்கா புருஷனைக் காப்பாத்தறதுக்காக அவளே போட்டு உடைச்சுட்டா. நான் கண்ணால பாத்தேன். நான்தானே சாட்சி!"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் திரும்பினார்.

திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது!

வாசலில் ஒரு கார் நின்றது. ரிசப்ஷன் பெண் கொட்டாவி விட்டாள். படிக்கட்டில் ஒரு பல்பு மினுக்கியது. எட்டுக் கட்டமும், ஒன்றும் நடக்காதது போல.

"எப்... எப்படி? டிஸ்க்தான் செத்துப்போச்சே!"

"செத்துப்போகும்னு தெரிஞ்சா டாக்டர் முதல்ல என்ன செய்வார்? வாக்குமூலம் வாங்குவார்." அவள் குரல் இன்னும் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "எந்த டிஸ்க் வந்தாலும் எனக்கு முதல் வேலை காப்பி போடறது. அப்புறம் காப்பியிலதான் பாப்பேன், ஒரிஜினலைத் தொட மாட்டேன். முக்கால் மணி நேரமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

"காப்பி... காப்பின்னா..."

"நீங்க நினைச்சது கெட்டில்ல இருக்கு. நான் சொன்னது கம்ப்யூட்டர்ல இருக்கு. காப்பின்னாலே நெஞ்சு எரியும்னீங்களே... எரியுதா?"

அவர் முகம் வெளிறியது. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அவள் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தார்...

"அதைக் கீழ போடுங்க, சாட்சியாரே!"

வாசலில் இன்ஸ்பெக்டர்! அவர் தோளுக்குப் பின்னால் தூசி படிந்த தலையோடு மூட்டை.

"இவர்தான் சார்" என்றார் மூட்டை. "காலைல எட்டு மணிக்கு இவர்தான் கொண்டு வந்து குடுத்தார்."

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்தது.

*

படிக்கட்டுக் கட்டத்தை அவள் பெரிசாக்கினாள். மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம்.

சத்தம் இல்லாத படம். முதலாளி மேல் படியில் நிற்கிறார். உள்ளங்கையை நீட்டிக் காட்டுகிறார். அதில் பட்டன் அளவில் ஒரு கேமரா, வால் போல ஒரு வயர். எதிரே கேமராக்காரர். கும்பிடுகிறார், கெஞ்சுகிறார். முதலாளி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுக்கிறார்...

ஒரே தள்ளு!

கேமராக்காரர் இறங்கி வருகிறார். விரல்களை விரித்து அந்தப் பட்டனைப் பிடுங்குகிறார். மேலே ஓடுகிறார்.

"அலறல் கேட்டு எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினாங்க" என்றாள் அவள். "அந்த நேரத்துல இவர் டிஸ்க் இருக்கற ரெக்கார்டர்கிட்ட போயிருக்கார். டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனா சந்தேகம் வரும். அழிச்சாலும் தெரிஞ்சுடும். பையில இதே மாடல் ஸ்பேர் ஒண்ணு இருந்திருக்கு. பத்துத் திருகாணி, மூணு நிமிஷம். டிஸ்க் தானா செத்த மாதிரி ஆயிடுச்சு!"

மூன்று மணி பதினாலு.

படத்தில் ஒருவர் ஓடி வருகிறார். மண்டியிடுகிறார். முதலாளியின் தலையை மடியில் எடுத்து வைத்து, தன் சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைக்கிறார். யாரையோ கூப்பிட வாயைத் திறக்கிறார்.

அத்தான்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அந்த டிரைவரை வெளிய உக்கார வைங்கய்யா. நாற்காலி போட்டு! அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்கு வேற ஆள் வரார்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் போனைத் தட்டினாள்.

"அக்கா... அந்த மாத்துச் சட்டை கையில இருக்கா? எடுத்துட்டு உள்ள போ. இந்தத் தடவை வாங்கிப்பாங்க."

விலங்கு பூட்டியாகிவிட்டது. கேமராக்காரர் தரையில் நசுங்கிக் கிடந்த டிஸ்க்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டு முனகினார்.

"மாட்டி அஞ்சு வருஷம் ஆச்சு... டிஸ்க்கோட ஆயுளே அஞ்சு வருஷம்தான் சார். ஒரு நாள் முன்னாடி அதுவாவே செத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

"விடுய்யா... அஞ்சு வருஷமெல்லாம் டிஸ்க்குக்குத்தான். உனக்கு நேரா ஆயுளே குடுத்துடுவாங்க!"